வரிசையில் யாரெல்லாம் நிற்கிறார்கள்

எங்கள் ஊர் ரேஷன் கடை, மூடிப்போன ஓர் அரிசி ஆலையின் முன்கட்டில் இருந்தது. சிமென்ட் பெயர்ந்த தரை, மூலையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய், அதன்மேல் கவிழ்த்து வைத்த தகரப் புனல், உள்ளே நுழைந்தவுடன் மூக்கில் ஏறும் சாக்கு வாடை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவோடு அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். அப்பா பள்ளி ஆசிரியர். மாதச் சம்பளம் வருகிற வீடு. எங்களுக்கு முன்னால் நடவுக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த ஓர் அக்கா நிற்பார். பின்னால் ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர் ஒருவர், துணிப்பையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாளிதழ் படித்தபடி நிற்பார். வரிசைக்கு வெளியே இந்த மூவரும் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

ஒரு மாதம் வந்த அரிசி மஞ்சளித்துக் கட்டிபிடித்துக் கிடந்தது. கையில் அள்ளினால் புழு நெளிந்தது. காலையிலேயே வந்திருந்த கூலிப் பெண்கள் சிலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். “வந்ததைத்தானே போட முடியும், வேணும்னா வாங்கு, இல்லன்னா நகரு” என்று எடை போடுகிறவர் சொல்ல, அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பதினோரு மணிக்குத் தபால்துறைப் பெரியவர் வந்தார். ஒரு பிடி அரிசியைத் தாளில் பொட்டலம் கட்டி, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து தாசில்தாருக்கு ஒரு மனு எழுதினார். அப்பாவும் மாலையில் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் வேறு மூட்டைகள் இறங்கின. காலையில் பழைய அரிசியை வாங்கிப்போனவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். பெரியவருக்குக் கூலிக்காரர்கள்மேல் தனிப்பட்ட கரிசனம் எதுவும் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். அவர் வீட்டு உலையில் ஏற வேண்டிய அரிசிக்காகத்தான் அந்த மனுவை எழுதினார். ஆனால் மூட்டை எல்லாருக்கும் பொதுவான மூட்டையாக இருந்தது.

வளரும் நாடுகளில் வறுமையைக் குறைப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு வீணானது என்கிற கணக்குகளைச் சுற்றியே நடக்கிறது. அந்தக் கணக்குகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிற்காலத்தில் வங்கி வேலைக்குப் போன எனக்குக் கணக்குதான் சோறு போட்டது. எனினும் ஒரு திட்டம் பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் நின்று நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது, அதைப் பெறுகிறவர்கள் எவ்வளவு ஏழைகள் என்பதைவிட, அவர்களோடு வேறு யாரெல்லாம் அந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதே என்று நினைக்கிறேன். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பாதி; இரண்டு மாநிலங்களின் ரேஷன் கடைகளைப் பக்கத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டது மீதி.

1997 ஜூன் மாதம் மத்திய அரசு பொது விநியோக முறையை இரண்டாகப் பிரித்தது. அதுவரை குடும்ப அட்டை உள்ள எவரும் ஒரே விலையில் வாங்கலாம் என்றிருந்த முறை போய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு விலை, மேலே உள்ளவர்களுக்கு வேறொரு விலை என்று ஆனது. தொடக்கத்தில் கீழே உள்ள குடும்பத்துக்கு மாதம் 10 கிலோ தானியம்; பின்னர் அது 20 கிலோவாகவும் 2002இல் 35 கிலோவாகவும் உயர்ந்தது. 2000ஆம் ஆண்டில் மேலே உள்ளவர்களுக்கான மானியத்தை முற்றிலுமாக எடுத்துவிட்டார்கள்; கொள்முதல், சேமிப்பு, போக்குவரத்து என்று அரசுக்கு ஆகும் முழுச் செலவும் அவர்கள் தலையில் விழுந்தது. இதற்குச் சொல்லப்பட்ட காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1991க்குப் பிந்தைய நிதி நெருக்கடிச் சூழலில், வசதியானவனுக்கும் எதற்கு மலிவு அரிசி, அந்தப் பணத்தை ஏழைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமே என்று கேட்டார்கள். கேள்வி நேர்மையாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் ஏழை யார் என்று பிரித்துக் காட்டும் வேலையை யார் கையில் கொடுப்பது என்ற அடுத்த கேள்வியில்தான் அரசியல் தொடங்குகிறது.

பிரிக்கும்போது இரண்டு வகைத் தவறுகள் நேரும். தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடலாம். தகுதியுள்ளவர் வெளியே நின்றுவிடலாம். முதல் தவறால் கஜானாவில் கொஞ்சம் பணம் கரையும். இரண்டாவது தவறால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. டெல்லி அஞ்சியது முதல் தவறுக்கு. 2002இல் கிராமங்களில் நடந்த வறுமைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. அதில் ஒரு கேள்வி, வீட்டில் ஆளுக்கு எத்தனை உடுப்பு இருக்கிறது என்பது. இரண்டுக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம். இரண்டு, மூன்று என்றால் ஒரு மதிப்பெண். இப்படியே ஏறிக்கொண்டு போகும். கொடியில் காயும் சட்டைகளை எண்ணி வறுமையை அளக்கிற ஓர் ஏற்பாட்டைப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 2011 செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், நகரத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 32 ரூபாய்க்கு மேலும் கிராமத்தில் 26 ரூபாய்க்கு மேலும் செலவழித்தால் அவர் ஏழையல்ல என்று வந்தபோது நாடே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் 2017இல் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில், தாங்கள் ஏழைக் குடும்பம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ரேஷன் வாங்குகிறோம் என்று மானிய தானியம் வாங்குவோரின் வீட்டுச் சுவர்களில் பெயின்ட்டால் எழுதி வைத்தார்கள். வசதியுள்ளவர்கள் கூச்சப்பட்டுத் தாமாகவே விலகிக்கொள்வார்கள் என்பது எண்ணமாம். கூச்சம் யாருக்கு வந்திருக்கும் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

2006இல் வங்கியில் சேர்ந்த எனக்கு முதல் பணியிடம் ஜார்க்கண்டில், பலாமு பக்கத்தில் ஒரு கிராமக் கிளை. இந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். கிளைக்கு எதிரே தேநீர்க் கடை; அதை ஒட்டி ஒரு தனியார் டீலரின் ரேஷன் கடை. நான் இருந்த முதல் மூன்று மாதங்களில் அந்தக் கடை திறந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாள் சேமிப்புக் கணக்கு தொடங்க வந்த ஒரு மூதாட்டி, அடையாளத்துக்காக எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு சிவப்பு அட்டையை நீட்டினார். லால் கார்டு என்பார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்பதற்கான அத்தாட்சி. உள்ளே பக்கத்துக்குப் பக்கம், மாதத்துக்கு மாதம், 35 கிலோ வாங்கியதாக ஒரே பேனாவால், ஒரே சாய்வில், ஒரே நாளில் எழுதியது போன்ற பதிவுகள். பாட்டி, மாதம் 35 கிலோ கிடைக்கிறதா என்று கேட்டேன். ஹோலிக்கு முன்னால் ஒருமுறை பத்து கிலோ கொடுத்தான் என்றார். டீலரிடம் கேட்கவில்லையா என்றேன். கேட்டால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ரேகை வைக்கப் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார்.

அந்தப் பதில் எனக்கு முழுதாக விளங்கச் சில நாட்கள் ஆயின. அந்த அட்டையே ஒரு சலுகை. யாரோ பார்த்துக் கொடுத்தது. எனவே யாரோ பார்த்துப் பிடுங்கவும் முடியும். கிராமத்தில் பேச்சுக்கு மதிப்புள்ள எவரும், பள்ளி ஆசிரியரோ தபால்காரரோ எங்கள் கிளையின் காசாளரோ, அந்தக் கடைக்குப் போவதில்லை. அவர்களுக்கு அங்கே வாங்க எதுவும் இல்லை. கடை திறந்ததா, அரிசி வந்ததா, எடை சரியா என்பது அவர்களுடைய கவலையே இல்லை. பாட்டிக்காக மனு எழுத ஓர் ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர் அந்த ஊரிலும் இருந்தார். தினமும் தேநீர்க் கடையில் அரசியல் பேசுவார். ரேஷன் கடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

என் ஒற்றை அனுபவத்தை நம்ப வேண்டியதில்லை, புள்ளிவிவரம் இருக்கிறது. அரசுக் கிடங்கிலிருந்து வெளியேறிய தானியத்தையும், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் மக்கள் ரேஷன் கடையில் வாங்கியதாகச் சொன்ன தானியத்தையும் ஒப்பிட்டு, இடையில் காணாமல் போனது எவ்வளவு என்று ழான் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். 2004-05இல் நாடு முழுவதும் பாதிக்கும் மேல் காணாமல் போயிருந்தது. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் முக்கால் பங்குக்கும் மேல். தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதே ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிடம் வறுமைக் கோட்டு அட்டையே இல்லை. ஏழைக்கு மட்டும் என்று கட்டப்பட்ட வேலி ஏழைகளில் பாதிப்பேரை வெளியே நிறுத்தியது; உள்ளே விட்டவர்களுடைய அரிசியையும் காக்கவில்லை.

தமிழ்நாட்டில் வேலி கட்டாமல் விட்டதற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் அல்ல. இங்கே அரிசி என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேர்தல் சமாசாரம். அறுபதுகளின் நடுவில் கடும் அரிசிப் பஞ்சம். 1967 தேர்தலில் தி.மு.க. வைத்த முழக்கம், ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது. ஆட்சிக்கு வந்ததும் அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுக்கத் தொடங்கினார். நிதி இடம் கொடுக்காததால் மாநிலம் முழுவதற்கும் அதைக் கொண்டுபோக முடியவில்லை. வாக்குறுதி பாதியில் நின்றது. ஆனால் அரிசிக்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நிற்கவில்லை. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. கடைகளைப் பெரும்பாலும் தனியார் டீலர்களிடம் விடாமல் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்தார்கள். கடையில் இருப்பவர் கமிஷனுக்கு வேலை செய்கிற வியாபாரியாக இல்லாமல் சம்பளம் வாங்கும் விற்பனையாளராக இருப்பது சின்ன வேறுபாடு போலத் தெரியும். பலாமுவில் நான் பார்த்ததை வைத்துச் சொன்னால் அது சின்ன வேறுபாடு அல்ல. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இன்னொரு பெரிய கிளை. அதைத் தனியே எழுத வேண்டும்.

1997இல் மத்திய அரசு தமிழ்நாட்டில் 48.63 லட்சம் குடும்பங்களை மட்டுமே வறுமைக் கோட்டுக்குக் கீழே கணக்கிட்டு மலிவு விலை அரிசி ஒதுக்கியது. மாநில அரசு அந்த அரிசியையும், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மற்ற அரிசியையும் ஒன்றாகக் கலந்து, எல்லா அட்டைக்கும் ஒரே விலையில் போட்டது. வித்தியாசத்தைத் தன் பட்ஜெட்டில் ஏற்றுக்கொண்டது. பின்னர் வந்தது விலைப் போட்டி. கிலோ 3.50 ரூபாயாக இருந்ததைக் கருணாநிதி 2006 ஜூனில் 2 ரூபாயாக்கினார். 2008 செப்டம்பரில் 1 ரூபாயாக்கினார். 2011 ஜூனில் ஜெயலலிதா விலையே இல்லாமல் செய்தார். இடையில் 2007இல் துவரம் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. இது வாக்கு வேட்டைதானே என்பார்கள். ஆமாம், வாக்கு வேட்டைதான். 1983இல் ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் 2 ரூபாய் அரிசியோடு வந்ததும், சத்தீஸ்கரில் ரமண் சிங் அரிசியாலேயே ‘சாவல் வாலே பாபா’ என்று பெயர் வாங்கியதும் அதே வேட்டைதான். ஆனால் சத்தீஸ்கரில் என்ன நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகளிடமும் சுய உதவிக் குழுக்களிடமும் கொடுத்தார்கள், அட்டைகளைப் பெரும்பாலான கிராமக் குடும்பங்களுக்கு விரித்தார்கள், 2004-05இல் பாதி அரிசி காணாமல் போன மாநிலத்தில், ஐந்தே ஆண்டுகளில் இழப்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. வாக்குக்காகச் செய்தவர்கள் அதை ஒழுங்காகவும் செய்ய வேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள்.

தமிழ்நாடும் ஒருமுறை வேலி கட்டிப் பார்த்தது என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டையில் ‘எச்’ என்று முத்திரை குத்தினார்கள். முத்திரை விழுந்தால் அரிசி கிடையாது. எங்கள் அட்டையிலும் விழுந்தது. உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அதனால் பட்டினி வந்துவிடவில்லை. அப்பா மளிகைக் கடையில் சிப்பமாக வாங்கத் தொடங்கினார். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கவனித்தேன்: அம்மா கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். தபால்துறைப் பெரியவரும் வருவதில்லை. கடை வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது என்று பால்காரர் சொன்னார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. நடவுக்குப் போகும் அக்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “இந்தவாட்டி குருணையா வருது டீச்சரம்மா, சார்கிட்ட சொல்லி ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்க” என்றார். அம்மா சரி என்றார். அப்பா எழுதவில்லை. அவர் கெட்டவரல்ல, அது அவருக்கு இன்னொருவர் வீட்டு விஷயமாகிவிட்டிருந்தது.

2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில், மாநிலத்தை ஆண்ட அ.தி.மு.க.வின் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் இழந்தது. முடிவு வந்த சில நாட்களிலேயே பல நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. ‘எச்’ முத்திரையும் அவற்றுள் ஒன்று. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கை, விவசாயிகளின் இலவச மின்சாரத்தை நிறுத்தியது என்று கோபங்கள் பல இருந்தன. ஆனால் முத்திரை குத்தப்பட்டவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், சங்கம் வைத்திருப்பவர்கள், வாக்குச்சாவடியில் அதிகாரியாக உட்காருகிறவர்கள். அவர்கள் தங்களுக்காகப் போட்ட சத்தத்தில் கடை மறுபடி எல்லாருடைய கடையாயிற்று.

கேரளம் இதன் மறுபக்கம். தமிழ்நாட்டைவிடப் பழைய, வலுவான ரேஷன் மரபு அவர்களுடையது. நெல் விளைச்சல் குறைவான மாநிலம் என்பதால் கடையின் அவசியமும் அதிகம். 1997க்குப் பின் மத்திய அரசின் கணக்கில் கால்வாசிக் குடும்பங்களே ஏழைகள் என்று ஆனது. மற்றவர்களுக்கான விலை சந்தை விலையை நெருங்கியதும் அவர்கள் கடையை விட்டு விலகினார்கள். விற்பனை சரிந்தது, கமிஷனை நம்பியிருந்த கடைகள் தடுமாறின, கடையை நம்பியிருந்த ஏழைகளும் சேர்ந்து தடுமாறினார்கள். அவ்வளவு விழிப்பான அரசியல் உள்ள மாநிலத்திலேயே வரிசை மெலிந்தால் கடை மெலிகிறது.

எல்லாருக்கும் என்றால் அம்பானிக்குமா என்று ஒரு நண்பர் ஒவ்வொரு முறையும் கேட்பார். நடைமுறையில் அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு அட்டையிலேயே விடை இருந்தது. பச்சை அட்டை அரிசிக்கு. வெள்ளை அட்டை அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரைக்கு. எதுவும் வேண்டாமென்றால் வெறும் முகவரிச் சான்றாக மட்டும் ஓர் அட்டை. எது வேண்டும் என்று குடும்பமே எழுதிக் கொடுக்கலாம். ரேஷன் புழுங்கலரிசியை விரும்பாதவர்கள் தாமாகவே சர்க்கரைக்கு மாறினார்கள். வறுமையை நிரூபிக்கும் சுமை ஏழையிடம் இல்லை. விலகிக்கொள்ளும் வசதி வசதியானவரிடம் இருந்தது. ஒருவரின் சட்டைகளையும் எண்ண வேண்டியிருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை நான் புனிதப்படுத்தவில்லை. மானியத்துக்கு ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி ரூபாய் போகிறது. அந்தப் பணத்துக்கு வேறு தேவைகள் உண்டு. வாங்கிய அரிசியை மாட்டுக்குக் கஞ்சியாகக் காய்ச்சும் வீடுகளும், தெருவில் வரும் வியாபாரியிடம் விற்றுவிடும் வீடுகளும் எனக்குத் தெரியும். எல்லை தாண்டிக் கடத்தப்படும் மூட்டைகள் பிடிபடாத வாரம் அரிது. எல்லாருக்கும் என்ற சொல்லுக்குள்ளும் சாதி புகுந்துகொள்ளும்: கடை ஊர்த்தெருவில் இருந்தால் காலனிக்காரர்கள் நடந்து வர வேண்டும்; பல கிராமங்களில் காலனிக்கென்று பகுதிநேரக் கடை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. முகவரியே இல்லாத நடைபாதைவாசிக்கும் நாடோடிக் குடும்பத்துக்கும் அட்டை கிடைப்பது இன்றும் சுலபமல்ல. இருபது கிலோ அரிசி கூலியை உயர்த்தாது, நிலத்தைப் பிரித்துக் கொடுக்காது. கல்வி, உடல்நலம், வாழ்க்கைத் தரம் மூன்றையும் வைத்து அளக்கும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21இல் இந்தியாவுக்கு 14.96 சதவீதமும் தமிழ்நாட்டுக்கு 2.20 சதவீதமும் வந்ததற்கு ரேஷனை மட்டும் காரணமாகக் காட்டுவது பொய். பள்ளி, மருத்துவமனை, சாலை, தொழிற்சாலை எல்லாம் அதில் உண்டு. ஒன்றை மட்டும் துணிந்து சொல்வேன். அடுத்த வேளைச் சோற்றுக்குப் பயமில்லாதபோது, கூலி குறைவு என்று வேலைக்கு வர மறுக்கும் தைரியம் ஒருவருக்கு வருகிறது. எங்கள் பக்கத்து மிராசுதார்கள் ரேஷன் அரிசியை ஏன் அவ்வளவு திட்டினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. “ஓசி அரிசி வந்தப்புறம் ஆளே கிடைக்கறதில்ல” என்பது அவர்கள் வாயிலிருந்து வந்த புகார். திட்டம் வேலை செய்தது என்பதற்கு அதைவிட நம்பகமான மதிப்பீட்டறிக்கை எனக்குக் கிடைத்ததில்லை.

2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 சதவீதம் பேரையும் நகரங்களில் 50 சதவீதம் பேரையும் நாடு தழுவிய அளவில் உள்ளே கொண்டுவந்தது. முந்தைய முறையைவிட இது பெரிய முன்னேற்றம். பீகார் போன்ற மாநிலங்களில் ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றம் அதன் பிறகு இன்னும் வலுத்தது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி பாதிப்பேர்தான், 50.55 சதவீதம், உள்ளே வருவார்கள் என்பதால் மாநில அரசு மூன்றாண்டு தயங்கி, 2016 நவம்பரில் சேர்ந்தது. மீதிப்பேருக்கான செலவைத் தானே ஏற்றுக்கொண்டது. 2017இல் முன்னுரிமைக் குடும்பங்களுக்கான விதிகள் அரசிதழில் வெளியாயின. மூன்று அறை கொண்ட கான்கிரீட் வீடு, ஏசி, கார் இருந்தால் விலக்கு என்று அதில் இருந்ததைப் பார்த்து ஊரே கொதித்தது. எல்லாருக்கும் அரிசி தொடரும் என்று அமைச்சர் உடனே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு பதினோரு வயதுச் சிறுமி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்காததால் அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் ரேஷன் இல்லாமல் பசியால் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. அட்டை ரத்தானதை யாரும் மறுக்கவில்லை. அது ரத்தான நாளில் அங்கே எந்த ஊரும் கொதிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது எங்கள் ஊரிலேயே நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றம். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற தேர்தல் வாக்குறுதியை எல்லாருக்கும் என்றுதான் பலர் புரிந்துகொண்டார்கள். 2023 மார்ச் பட்ஜெட்டில் அது ‘தகுதி வாய்ந்த’ குடும்பத் தலைவிகளுக்கு என்றாயிற்று. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல் கூடாது; ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரித்திருக்கக் கூடாது. ரேஷன் கடைவாரியாக டோக்கன் கொடுத்து விண்ணப்பம் வாங்கினார்கள். 1.63 கோடி விண்ணப்பங்களில் ஏறத்தாழ 1.06 கோடி தேர்வாயின. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி பணம் வரத் தொடங்கியது. பெண்களின் கையில் நேரடியாகச் சேரும் இந்தத் தொகையின் மதிப்பை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். திட்டம் வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல. ஆனால் எல்லாருக்கும் என்று ஐம்பது ஆண்டு பழகிய ஒரு மாநிலம், அதே ரேஷன் கடையின் வாசலில் வைத்தே மீட்டர் யூனிட்டை எண்ணத் தொடங்கியிருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கடை இப்போது சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது. மின்னணுத் தராசு, விரல்ரேகைக் கருவி எல்லாம் வந்துவிட்டன. அந்த நடவு அக்காவின் மகள் எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றாள். மூன்று குடும்பம் ஒரே வீட்டில், ஒரே மீட்டரில் இருக்கிறார்கள். யூனிட் ஏறிவிட்டது என்று அவளுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் மறுக்கப்பட்டிருக்கிறது. மேல்முறையீடு செய்த தாளை ஸ்மார்ட் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். வரிசையில் இருந்தவர்களிடம் பொதுவாக, யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டாள். முன்னால் நின்ற பெண் தன் பையின் வாயைச் சரிசெய்துகொண்டாள். இன்னொருத்தி, “எனக்கு வந்துடுச்சும்மா, அதனால அது எப்படின்னு எனக்குத் தெரியல” என்றாள். நான் தாளை வாங்கிப் பார்த்தேன்; மின்வாரிய இணைப்பு எண் அவள் மாமனார் பெயரில் இருந்தது. மனு எழுதித் தருகிறேன் என்று சொல்லி, கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். அவர் பில் ரோலின் பின்பக்கத்தைக் கிழித்து நீட்டினார். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. விரலை முந்தானையில் துடைத்துக் கருவியில் வைத்துவிட்டு, “பாமாயில் வந்துடுச்சாண்ணே?” என்று கேட்டாள்.